டி டிரைவில் இருந்த முகம்

படப்பையில் ஷேர் ஆட்டோக்கள் திரும்பும் இடத்துக்கு எதிரே ரகுபதியின் ஸ்டுடியோ இருந்தது. செல்வலட்சுமி அங்கே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், மனை விற்பனை நோட்டீஸ் எல்லாம் அடிப்பாள். ஆனால் அவளைக் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் இறந்தவர்களின் படத்துக்காக வந்தார்கள்.

கூட்டமாக எடுத்த படத்தின் ஓரத்தில் நிற்பவரைத் தனியாக வெட்டி எடுப்பாள். அவர் தோளில் கிடக்கும் அடுத்தவர் கையை நீக்குவாள். பின்னால் நீல வானம் வைப்பாள். சிலர் கோட்டு கேட்பார்கள். "உசுரோட இருந்தப்போ பனியன்கூட போட்டதில்ல, இப்போ கோட்டா?" என்று ஒரு மருமகள் கேட்டாள். "அதான் இப்போ போடுறது" என்றார் மாமியார். செல்வலட்சுமி கோட்டு போட்டுக் கொடுத்தாள்.

அவள் சங்கரன்கோவில் பக்கம். கணவன் ஆறுமுகநயினாருக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தபோது கூடவே வந்தவள். டைப்ரைட்டிங் முடித்திருந்தாள். படம் வரையக் கற்றதில்லை. மவுஸைப் பிடித்த பிறகுதான் ஒரு கன்னம் எங்கே முடிந்து கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்கத் தொடங்கினாள். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களை அதிக நேரம் பார்க்கிறாள் என்று நயினார் கோபித்துக்கொண்டதுண்டு.

2004-இல் பிள்ளைப்பாக்கத்திலிருந்து மீனம்மாள் வந்தாள். நிலத்தைக் கொடுத்த பணத்தில் மகன் புது வீடு கட்டியிருந்தான். கிரகப்பிரவேசத்துக்கு ஹாலில் அவளுடைய அக்கா முனியம்மாளின் படம் மாட்ட வேண்டும். தாய் இல்லாத மீனம்மாளை வளர்த்தவள் அந்த அக்கா. இறந்து பல வருடம் ஆகிறது.

"பழைய படம் குடுங்கம்மா" என்றாள் செல்வலட்சுமி.

"படம் இல்ல."

"ரேஷன் கார்டுல?"

"எதுலயும் இல்ல கண்ணு. நா சொல்றேன், நீ போடு."

படமே இல்லாத முகத்தைச் செல்வலட்சுமி அதுவரை செய்ததில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். உறவுக்காரர்களின் படங்களை வாங்கி வரச் சொன்னாள். அண்ணன் ஒருவரின் கண், பெரியம்மா மகளின் தாடை, இன்னொருத்தியின் நெற்றி. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டி டிரைவில் வைத்துக்கொண்டு ஒட்டிப் பார்த்தாள். மீனம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, "மூக்கு இம்மாம் நீட்டு இல்ல", "காது இன்னும் கீழ" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். மகன் பின்னால் நின்று பார்ப்பான். பல வாரம் நடந்தது. ஒருநாள் மகன், "ஆங், சூப்பர். இதான்" என்றான். மீனம்மாளும் தலையாட்டினாள்.

பெரிய அளவில் அச்செடுக்கத்தான் வசதி இல்லை. ரகுபதி அதற்காக ஒரு புதுப் பிரிண்டர் வாங்கினார். அது விண்டோஸ் எக்ஸ்பி இருந்தால்தான் ஓடும் என்றது. கடையில் இருந்தது பழைய விண்டோஸ் 98. சரி, எக்ஸ்பிக்கு மாறலாம் என்றால் பழைய ஸ்கேனரும் தமிழ் அடிக்கும் சாஃப்ட்வேரும் 98-ஐ விட்டு வராது. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் போட்டுவிடலாம், தேவைப்படும்போது எது வேண்டுமோ அதைத் திறக்கலாம் என்று சர்வீஸ் பார்க்கும் அருள்பாண்டி சொன்னான். தாம்பரத்திலிருந்து வருவதாகச் சொல்லி இரண்டு முறை வரவில்லை. ரகுபதி பொறுமை இழந்து, சிடியை உள்ளே தள்ளிவிட்டு அவனுக்கே செல்போனில் அடித்தார்.

"நீலமா வந்துக்கீதுப்பா. சி, டின்னு வரிசையா காட்டுது. எதுல போட?"

அருள்பாண்டி ஏதோ பஸ் ஸ்டாண்டில் இருந்தான். "டி-ல இடம் நெறைய இருக்குண்ணே. டி குடுங்க."

டி டிரைவைத் தேர்ந்தெடுங்கள் என்று அவன் சொன்னான். தேர்வுப் பட்டையை டி மேல் வைத்திருந்த ரகுபதி, கீபோர்டில் டி எழுத்தை அழுத்தினார். அந்தத் திரையில் டி எழுத்துக்கு வேறு அர்த்தம். அந்தப் பகுதியை நீக்கு என்று அர்த்தம். திரை மாறியது. நிச்சயமாகவா என்று ஆங்கிலத்தில் நாலு வரி கேட்டு, ஆமென்றால் எல் அழுத்தச் சொன்னது.

"எல் கேக்குதுப்பா."

"என்னண்ணே? ஹலோ?"

"எல்லு, எல்லு கேக்குது!"

"கேக்குறதக் குடுத்துட்டே போங்கண்ணே."

ரகுபதி கொடுத்தார்.

கவுன்டரில் நோட்டீஸ் கட்டிக்கொண்டிருந்த செல்வலட்சுமி அந்தப் பேச்சைக் கேட்டு எழுந்து வந்தாள். திரையைப் படித்தாள். சி இருந்தது. அதற்குக் கீழே, பிரிக்கப்படாத இடம் என்று ஒரு வரி.

"டி எங்கண்ணே?"

"அது காலி இடமா ஆயிடுச்சி. நல்லதுதான? இப்போ சி அழுத்துனா புதுசா உண்டாக்கித் தரேன்னு போட்டுக்கீறான்."

"கைய எடுங்க."

"இன்னாமா?"

"எதையும் தொடாதீங்க. அம்புட்டுப் படமும் டி-லதான் இருந்திச்சு." போனை அவர் கையிலிருந்து வாங்கினாள். "தம்பி, டிய அழிச்சிட்டாரு."

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. பிறகு அருள்பாண்டி, "புதுசா எதுவும் உண்டாக்கினாரா?" என்றான்.

"இல்ல. நிப்பாட்டிட்டேன்."

"அப்போ ஒயரப் புடுங்கிருங்கக்கா."

அன்று மாலையே வந்துவிட்டான். ரகுபதி மேல் பழி போட வாயெடுத்தான், அவரும் எடுத்தார். இரண்டு பேரும் செல்வலட்சுமியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். டிஸ்க்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அருள்பாண்டி அவளிடம் சொன்னான்: "எந்தப் பகுதி எங்க ஆரம்பிக்கி, எங்க முடியிதுன்னு இதோட தலைமாட்டுல எழுதியிருக்கும்க்கா. அந்த எழுத்துதான் போயிருக்கு. படமெல்லாம் கெடந்த எடத்துலயேதான் கெடக்கு. ஆரம்பத்தையும் முடிவையும் தேடிக் கண்டுபிடிச்சு எழுதிட்டா வந்துரும்."

"கண்டுபிடிச்சிருவியா?"

"பாக்கேன். சில நேரம் தப்பான எடத்த ஆரம்பம்னு காட்டும். அவசரப்பட்டு எழுதிட்டா இருக்கதும் போயிரும். ஒரு வாரம் குடுங்க."

வேலை நிற்கக்கூடாதென்று வேறொரு டிஸ்க் மாட்டி, அதில் எக்ஸ்பியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். புதுப் பிரிண்டர் ஓடியது. அச்சடிக்கத்தான் முகம் இல்லை.

மீனம்மாள் வந்தபோது ரகுபதி பின் அறைக்குப் போய்விட்டார். செல்வலட்சுமி நடந்ததைச் சொன்னாள். வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றாள்.

மீனம்மாள் கோபப்படவில்லை. "கூட இருந்து அவள பாத்தவ நா மட்டுந்தான்" என்றாள். "அண்ணனும் போய்ட்டாரு. இப்போ மெசினும் மறந்துடுச்சா?"

"திரும்பச் செய்வோமாம்மா?"

"கண்ணு மூக்குக்கெல்லாம் படம் வோணும்னியே. சொந்தக்காரங்ககிட்ட திருப்பிக் குடுத்துட்டேன். திரும்பவும் போய்க் கேட்டா காறித் துப்புவாளுங்க."

செல்வலட்சுமி டிஜிட்டல் கேமராவை எடுத்து மீனம்மாளையே படம் எடுத்தாள்.

"ஐய, நா அவ ஜாடை இல்ல."

"எங்கெங்க இல்லன்னு சொல்லுங்க."

அன்று மகன் வரவில்லை. கம்பெனியில் ஓவர்டைம் என்றாள் மீனம்மாள். தன் முகமே திரையில் பெரிதாக இருப்பதைப் பார்த்து முதலில் வெட்கப்பட்டாள். பிறகு தன்னிடமிருந்தே ஒவ்வொன்றாக மறுத்தாள். இந்தச் சுருக்கம் வேண்டாம். அவள் சாகும்போது முடி கறுப்பு. கண் இன்னும் உள்ளே. உதடு மூடியே இருக்கும். செல்வலட்சுமிக்கு இந்த முறை கை சுலபமாகப் போனது. வேறு வேறு முகங்களை ஒட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரே முகம் மெதுவாக வேறு முகமாகிக்கொண்டிருந்தது.

அடுத்த முறையும் மீனம்மாள் தனியாகத்தான் வந்தாள். வெகுநேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு, "இங்க குழி" என்றாள்.

"எங்கம்மா?"

"கன்னத்துல. ரெண்டு பக்கமும். மூக்கு மேலயும் கீது. அம்மை போட்ட தழும்பு."

செல்வலட்சுமி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "மொதல்ல செஞ்சப்போ சொல்லவே இல்லயே."

"பையன் நின்னுக்கினு இருந்தான். புது வூட்டு ஹால்ல மாட்றது, பளிச்சுன்னு இருக்கணும்னு சொல்லித்தான் இட்டாந்தான்."

"இப்பவும் ஹால்லதானம்மா மாட்டப்போறீங்க?"

மீனம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் குழி இல்லன்னா அவ கண்ணாலம் கட்டிக்கினு போயிருப்பா. வந்தவனுங்கல்லாம் அதப் பாத்துட்டுத்தான் எழுந்து போனானுங்க. அவ போயிருந்தா நா ஏது?"

குழிகளை அடைப்பது செல்வலட்சுமிக்குப் பழகிய வேலை. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, எதுவானாலும் பக்கத்துத் தோலை எடுத்து மேலே வைத்து மறைத்துவிடுவாள். ஒரு குழியை உண்டாக்க அவளுக்குத் தெரியவில்லை. கறுப்பாக ஒரு புள்ளி வைத்தாள். மச்சம் மாதிரி இருந்தது. "அது இல்ல" என்றாள் மீனம்மாள். புள்ளியைச் சின்னதாக்கி, ஒரு ஓரத்தில் மட்டும் வெளிச்சம் வைத்தபோது தோல் கொஞ்சம் உள்வாங்கியது. மீனம்மாள் தன் கன்னத்தில் விரல் வைத்துக் காட்டக் காட்ட, அங்கங்கே ஒவ்வொன்றாக வைத்தாள். சில இடங்களில் விரல் யோசிக்கவே இல்லை.

கடைசியில் மீனம்மாள் கன்னத்திலிருந்து விரலை எடுத்தாள். எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

அருள்பாண்டி பழைய டிஸ்க்கோடு வந்தபோது கிரகப்பிரவேசம் நெருங்கியிருந்தது. "கெடச்சிருச்சுக்கா" என்றான் படியேறும்போதே. இரண்டு டிஸ்க்குகளையும் ஒரே பெட்டிக்குள் மாட்டினான். கம்ப்யூட்டர் திறக்கும்போது, 98 வேண்டுமா எக்ஸ்பி வேண்டுமா என்று கேட்டது. 98-ஐத் திறந்து, டி டிரைவைப் பார்த்தார் ரகுபதி. உள்ளே பழைய படம் ஒன்றும் இல்லை.

"போச்சுடா! அன்னிக்கே சொன்னேன் இவன நம்பாதன்னு!"

"எப்போ சொன்னீங்க?" என்றான் அருள்பாண்டி. "ரெண்டாவது டிஸ்க்கு உள்ள வந்ததும் டிங்கிற பேர அது எடுத்துக்கிடுச்சு. உங்க டி இப்போ ஈ. ஈயத் தொறங்க."

"இனிமே நீ எழுத்து சொல்லாத. நீயே கைய வெச்சித் தொற."

ஈயைத் திறந்தான். கோட்டு போட்டவர்கள், நீல வானத்தின் முன் நிற்பவர்கள் எல்லாரும் இருந்தார்கள். முதலில் செய்த முனியம்மாளும் இருந்தாள்.

மீனம்மாளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். செல்வலட்சுமி இரண்டு முகங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதல் முகம் வழவழப்பாக, கழுத்தில் அட்டிகையோடு, கொஞ்சம் சிரித்தாற்போல இருந்தது. அதில் தன் வேலை எவ்வளவு சுத்தம் என்று செல்வலட்சுமிக்குத் தெரிந்தது.

"இது சினிமா ஸ்டார் மாரி கீது" என்றார் ரகுபதி. "பையன் இதத்தான் ஓகே பண்ணாப்ல. இதயே அடிச்சிடலாமா?"

மீனம்மாள் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். "நல்லாத்தான் கீறா. யாருன்னு கேட்டா இன்னா சொல்றது?" என்றாள்.

"அக்கான்னு சொல்லேன்."

"யாரோட அக்கா?" பக்கத்து முகத்தைக் காட்டினாள். "இத அடி."

"தழும்ப வேணா லைட்டா—"

"கை வெக்காத."

பிரிண்டர் தாளை இழுத்தது. முதலில் தலைமுடி வந்தது, பிறகு நெற்றி. கன்னம் வரும் இடத்தில் மெதுவாக ஓடுவதுபோல் இருந்தது. முழுத்தாளும் வெளியே வந்ததும் மீனம்மாள் கையை நீட்டினாள்.

"மை ஈரமா இருக்கும்மா" என்றாள் செல்வலட்சுமி. "கொஞ்ச நேரம் காயட்டும்."

மீனம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். செல்வலட்சுமி தாளை மேசையில் விரித்து, மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்து, மீனம்மாள் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.