மஞ்சள் மணலும் கருமணலும்

மணவாளக்குறிச்சியை அடுத்த கடற்கரையில் ஒரு மணல் கம்பெனி இருந்தது. நான் அங்கே கணக்கெழுதும் ரைட்டராகச் சேர்ந்த காலத்தில் மஞ்சள் மணலுக்குத்தான் மதிப்பு. பெண்கள் கரையிலிருந்து கடவம் என்ற ஓலைப்பெட்டியில் மணலைச் சுமந்து வந்து முற்றத்தில் கொட்டுவார்கள். காயவைத்து காந்தப் பொறியில் ஓட்டினால் மஞ்சள் ஒரு பக்கமும் கறுப்பு மறு பக்கமுமாகப் பிரியும். மஞ்சள், சாக்குகளில் குளச்சலுக்குப் போய்த் தோணியேறி, கடலுக்குள் தள்ளி நிற்கும் கப்பலைச் சேரும். கறுப்பை வேண்டாத கழிவாக வேலிக்கு வெளியே தட்டச் சொல்லிவிடுவோம்.

எதற்கு இந்த மணல் என்று கேட்பவர்களுக்கு, கலியாண வீட்டில் தொங்கும் காஸ் விளக்கைக் காட்டுவேன். அதன் மேண்டில் என்கிற வலைத்திரி அப்படி வெள்ளையாய் எரிய, மணலிலிருந்து எடுக்கும் சரக்கு வேண்டும். சீமையில் தெருவுக்குத் தெரு அந்த விளக்குத்தான் என்று கம்பெனியை நடத்திய வெள்ளைக்காரத் துரை சொல்லியிருந்தார்.

சுமைப் பெண்களுக்குத் தலைவியாக ஒரு விதவை இருந்தாள். நல்ல உயரம், கணீரென்ற குரல்.

“அப்பம் சீமையில இருட்டுத வரைக்கும் நமக்கு வேல உண்டு” என்று சொல்லிச் சிரித்தாள்.

சீமையில் இருட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தெருக்களுக்கு மின்சார விளக்கு வந்துவிட்டது. கப்பல்கள் குறைந்தன. சாக்குகள் கொட்டகையில் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. ஒருநாள் காலையில் துரை என்னைக் கூப்பிட்டார். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பேசுகிறவர் அவர்.

“பாதிப் பேர் போக வேண்டும். நீ சொல்லிவிடு.”

“மணலில் ஏதாவது குறையா, துரை?”

“நல்ல மணல். உன்னிடம் குறை இல்லை. என்னிடமும் இல்லை.”

குறை இருந்தால் திருத்தலாம். இல்லாத குறைக்கு என்ன செய்வது?

முற்றத்தில் போய்ச் சொன்னேன். சில பெண்கள் தலையில் சும்மாடோடு அப்படியே நின்றார்கள். தலைவிதான் கேட்டாள்: “நாங்க என்ன தப்பு செய்தோம், ரைட்டரே?”

“ஒண்ணும் செய்யல்ல.”

“பெறகு எதுக்குப் போகச் சொல்லுதீரு?”

மின்சார விளக்கைப் பற்றிச் சொன்னேன். அப்போது எங்கள் ஊர்களில் அதைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இல்லை. அவள் கடவத்தைக் கவிழ்த்து மணலை உதறிவிட்டு நடந்தாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் துரையையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கைகுலுக்கியபோது அவர் கை ஈரமாக இருந்தது. அவரிடமும் யாரோ, உன்னிடம் குறையில்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

புதுத் துரை வந்து சேர்ந்ததும் வேலிக்கு வெளியே போய்க் கருமணல் குவியலைப் பார்த்தார். உள்ளங்கையில் அள்ளி உருட்டினார். அந்தக் கறுப்பிலிருந்து சீமையில் வெள்ளைப் பெயிண்ட் எடுக்கிறார்களாம். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அந்த வாரமே குவியலைச் சுற்றி முள்கம்பி போட்டுக் காவலுக்கு ஆள் வைத்தோம். போனவர்களை அழைத்து வரும் வேலை எனக்கு வந்தது.

வெயிலில் குடிசை குடிசையாக ஏறி இறங்கினேன். சிலர் கயிறு திரிக்கப் போயிருந்தார்கள். ஒரு குடும்பம் தேயிலைத் தோட்டத்துக்கு மலையேறிவிட்டது. தலைவி மீன் விற்கிறாள் என்றார்கள். குளச்சல் ஏலக்கரையிலிருந்து கூடையோடு வந்தவளை வழியில் நிறுத்தினேன்.

“கறுப்புக்கு இப்பம் நல்ல கிராக்கி. வேலைக்கு வா.”

“அத வெளிய தட்டச் சொன்னதும் நீருதானே?”

“நான்தான்.”

“எத்தன காலத்துக்கு இந்தக் கிராக்கி?”

“தெரியாது” என்றேன்.

அவள் கூடையை இறக்காமலே நின்றாள். “மீனு படல்லன்னா கடலப் பாத்து ரெண்டு ஏச்சு ஏசுவேன், மனசு ஆறிரும். ஒங்க கம்பெனியில வேல போச்சுன்னா நான் யார ஏச?” கோபமில்லாமல்தான் சொன்னாள். மீன் கெட்டுப்போகும் என்று வேகமாக நடந்துவிட்டாள். மற்றவர்களில் பாதிப் பேர் வந்தார்கள்.

கருமணல் வேலை பெருகியது. என்னை மேனேஜர் ஆக்கினார்கள். நாற்காலி பெரிதாயிற்று, தூக்கம் குறைந்தது. இன்னொரு கரையில் வேறொரு கம்பெனி மலிவாகத் தருகிறது என்பார்கள், ஆட்களை நிறுத்துவேன். கப்பல் வருகிறது என்பார்கள், கூப்பிடுவேன். பெண்கள் என் முகத்தைப் பார்த்தே கடவத்தைக் கீழே வைக்கப் பழகிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும்போது, வேலையை விட்டுவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். நாகர்கோவிலுக்கு வடக்கே அவள் அண்ணனுக்கு வயல் இருந்தது. அவரோடு சேர்ந்து நெல் விவசாயம் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

“அண்ணன் நேத்து வந்திருந்தான்” என்றாள். “ரங்கூன் அரிசி கப்பல் கப்பலா வருதாம். நம்ம நெல்ல கேக்க ஆளில்லியாம். ஒங்க கம்பெனியில எதாவது வேல உண்டுமான்னு ஒங்கட்ட கேக்கச் சொன்னான்.”

மறுநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.