நைனா போட்ட முதல் இலை

எங்கள் வீட்டு விசேஷத்தில் கடைசியாக நீங்கள் எந்தப் பந்தியில் உட்கார்ந்தீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள். "முதல் பந்திதான், எப்பவுமே" என்று சொன்னால், நீங்கள் ஒரு காலத்தில் நைனா மேல் கோபப்பட்டிருப்பீர்கள். "யாருக்கு ஞாபகம் இருக்கு" என்று சொன்னால், நைனாவுக்கு உங்களை ரொம்பப் பிடித்திருக்கும்.

நைனா, அதாவது எங்கள் அப்பா, பிறந்தது சித்தூர் மாவட்டம், காலமானது திருப்பதி மாவட்டம். நடுவில் அவர் வீடு மாறவே இல்லை. சத்தியவேடு பக்கத்தில் அதே ஊர், அதே ஓட்டு வீடு. மாவட்டத்தைப் பிரித்தபோது, "நான் கட்டில்ல படுத்துக்கினுதான் கீறேன், என் ஜில்லா மட்டும் எந்திரிச்சுப் போயிடுச்சு" என்று ஒரு வாரம் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஐந்தாவது வரை தமிழ், அப்புறம் தெலுங்குப் பள்ளிக்கூடம். அதனால் கையெழுத்து தெலுங்கில், திட்டு தமிழில். தாத்தா சீக்கிரம் போய்விட்டதால் நைனாவும் பெரியப்பாவும் சின்ன வயதிலேயே கடலைக் கொல்லையில் உழைக்க இறங்கினார்கள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கடலை போட்ட நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது. நஷ்டஈட்டுப் பணத்தில் ஊரே பைக் வாங்கியது. நைனா ஐம்பது வயதில் நீலச் சட்டை மாட்டிக்கொண்டு ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி ஆனார். எனக்கும் அக்காவுக்கும் முதலில் ஒரு மாதிரி இருந்தது. அவருக்கோ விசில் கொடுத்தார்கள் என்று செம குஷி.

முதல் நாள் மதியம் கேன்டீனுக்குப் போய், மேசையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாழ்க்கையில் அவர் சோற்றுக்காக எழுந்து போனதில்லை. உட்கார்ந்தால் இலை வரும். இங்கே எதுவும் வரவில்லை. அரை மணி நேரம் ஆகி, பெல்லும் அடித்துவிட்டது. அப்போது செல்வி அக்கா பார்த்தார். எங்கள் கொல்லையில் பல வருடம் களை எடுத்த முனியம்மாவின் மகள். அந்தக் கம்பெனியில் சூப்பர்வைசர்.

"இன்னா ஐயா, வெறும் மேசைய பாத்துக்கினு குந்திக்கினு கீறீங்க?"

"சோறு வைக்க யாரும் வரலியேம்மா."

"இங்க யாரும் வந்து வைக்க மாட்டாங்க ஐயா. நாமதான் தட்டு எடுத்துக்கினு லைன்ல நிக்கணும்." தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை அவர் பக்கம் தள்ளியிருக்கிறார். "பரவால்ல, துன்னுங்க. உங்க வூட்டு விசேஷத்துல எங்கம்மாவும் இப்படித்தான் குந்திக்கினு இருக்கும். அதுக்கு நாலு பந்தி ஆவும். உங்களுக்கு அரை மணி நேரந்தான்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி முதலில் சிரித்தவர் நைனாதான். கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை. "அரை மணி நேரத்துக்கே எனக்குக் கண்ணு இருட்டிக்கினு வந்துச்சுடி" என்றார்.

ஆமாம், முனியம்மா மாதிரி காலனிக்காரர்களை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கடைசியாக உட்காரவைத்த வீடு எங்கள் வீடுதான். 'நினைவு மலரில் இதெல்லாம் எதற்கு' என்று கேட்ட உறவினர்களுக்கு ஒரு பதில்: நைனாவே இதை யாரிடமும் மறைக்கவில்லை.

அடுத்த வருடம் என் அக்கா கல்யாணம். வந்த வரிசையில்தான் பந்தி என்று நைனா சொல்லிவிட்டார். முதலில் வந்தது முனியம்மா. "வேணாம் சாமி, நான் பின்னால குந்திக்கிறேன்" என்று அவர் நழுவப் பார்த்தார். நைனா தன் கையாலேயே முதல் இலையைப் போட்டு, "நீதான் மொதல்ல வந்த. குந்து" என்றார். அதற்குப் பக்கத்து இலைக்குத்தான் பெரியப்பா வந்தார்.

"டேய், அது எந்திரிச்சாதான் நான் குந்துவேன்."

"உனக்கும் இலை போட்டாச்சுண்ணா. குந்தறதும் போறதும் உன் இஷ்டம்."

பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அதோடு எங்கள் வீட்டில் அவர் கை நனைக்கவே இல்லை. பேச்சு இருந்தது, சாப்பாடு இல்லை. நைனா விடவில்லை. வளைகாப்பு, காதுகுத்து, பொங்கல், எதுவானாலும் முனியம்மாவுக்குப் பக்கத்தில் அண்ணனுக்கு ஒரு இலை போடுவார். அது காலியாகவே கிடக்கும். இத்தனைக்கும் பெரியப்பாவின் பேத்தி அதே கம்பெனிக்கு, அதே பஸ்ஸில், செல்வி அக்கா பக்கத்தில் சீட் பிடித்துக்கொண்டுதான் போகிறாள்.

போன வருடம் நைனாவுக்கு இதயம் மக்கர் செய்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கும் வரிசையில் யாரோ குறுக்கே நுழைய, வீல்சேரில் இருந்தபடியே பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். நர்ஸ் தெலுங்கில் திட்டினார். இவர் தெலுங்கில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "ஆனா அவன் நடுவுல நொழஞ்சது தப்பு" என்று தமிழில் முடித்தார். பார்க்க வந்த பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ணா, நம்ப வூட்ல ஒரு வாய் துன்னுண்ணா" என்றார். பெரியப்பா தலையை மட்டும் ஆட்டினார். நாலு நாளில் நைனா போய்விட்டார். பாடைக்கு முதல் தோள் கொடுத்தவர் பெரியப்பா. காரியத்தன்று மட்டும் சாப்பிடாமல் போய்விட்டார்.

ராத்திரி பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரியில் கூட இருந்த செல்வி அக்காவுக்கும், நைனாவை வீட்டுக்குக் கொண்டுவர வண்டி பிடித்துக் கொடுத்த கேட் நண்பர்களுக்கும், விசிலைத் திருப்பிக் கேட்காத கம்பெனிக்கும், வந்து நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வருடத் திதிக்கு வந்த வரிசையில்தான் பந்தி. சீக்கிரம் வாருங்கள்.

இங்கேயே முடித்திருக்க வேண்டும். அச்சகத்துக்கு அனுப்பப் போகும் நேரத்தில் பெரியப்பா வீட்டுக்கு வந்து நின்றார்.

"என்னப் பத்தி இன்னா எழுதிக்கினு கீற?"

படித்துக் காட்டினேன். திதிக்காகக் கடலை உரித்துக்கொண்டிருந்த முனியம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா மோட்டுவளையைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார்.

"நான் எந்திரிச்சுப் போனது நெசந்தான். ஆனா அன்னிக்குப் பாயசம் தீஞ்சு போச்சுன்னு எழுது."

"பாயசம் நல்லாத்தான் சாமி இருந்துச்சு" என்றார் முனியம்மா. "நான் ரெண்டு வாட்டி வாங்குனேன்."

பெரியப்பா இப்போது முனியம்மாவின் முறத்துக்கு எதிரே உட்கார்ந்து, அவர் உரித்துப் போடும் கடலையைத் தின்றுகொண்டிருக்கிறார்.