மெரினாவில் அத்தானைத் தேடிய மாலைகள்

ரயில்வே பட்டறையில் ஆட்குறைப்பு செய்து என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்த சமயம். மலாயாவில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வரிசையில் பாதி வீடுகள் காலி. வேலை போனவர்கள் குடும்பத்தோடு கப்பலேறி ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தோடு நானும் என் அக்காவும் கப்பலேறினோம். நாங்கள் மட்டும் திரும்பி வருவதற்காகப் போனோம்.

அக்கா காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் கிள்ளான் ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர். மகள் தவழ்கிற வயதில், "அம்மாவுக்கு முடியலையாம், பாத்துட்டு வந்துடறேன்" என்று சென்னைக்குப் போனார். போனவர் போனவர்தான். இப்போது அந்த மகளுக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அக்காவிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "பொண்ணோட அப்பா இருக்காரா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க." அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஊருக்குப் போய்வந்த என் பக்கத்து வீட்டு ரயில் கார்டுதான் துப்புக் கொடுத்தார். கிள்ளான் ஸ்டேஷனில் அத்தானோடு பழகியவர். "மெரினாவுல சாயங்காலத்துல பாத்தேன்லா. காத்து வாங்க பட்டணமே அங்கதான் வருது. போனீங்கன்னா ஆம்புடுவாரு" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

கப்பல் தளத்தில் வெயிலிலும் வாந்தியிலும் கிடந்து சென்னையில் இறங்கினோம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்கு நடப்போம்.

அவ்வளவு அகலமான மணலை நான் பார்த்ததில்லை. எங்கள் கிள்ளான் கரையெல்லாம் சேறும் அலையாத்தி மரமும்தான். இங்கே சாலையோரம் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டு, பெரிய வீட்டுப் பெண்கள் உள்ளேயே உட்கார்ந்து காற்று வாங்கினார்கள். நடைபாதையில் வக்கீல்களும் காலேஜ் பையன்களும் பேசிக்கொண்டே போனார்கள். நாங்கள் ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, போகிற வருகிற ஆண்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"முகம் மறந்துபோச்சுடா" என்றாள் அக்கா. "நடைதான் ஞாபகம் இருக்கு. இடது பக்கம் சாஞ்சு நடப்பாரு."

இரண்டு மூன்று மாலைகளில் எனக்கு அலுத்துவிட்டது. ஆளைக் கண்டால் சட்டையைப் பிடிப்பது என்று கப்பலில் வைத்திருந்த கோபம்கூட அந்த உப்புக் காற்றில் நமுத்துப்போனது. "மரம் வெட்டப் போறப்பகூட இப்படி வலிச்சதில்ல. சும்மா உக்காந்துதான்டா காலு வலிக்குது" என்று அக்கா முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொள்வாள்.

ஒரு நாள் அவள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். நடைபாதையில் ஒரு கிழவர் சக்கர நாற்காலியில் வந்துகொண்டிருந்தார். பட்டுக்கரை அங்கவஸ்திரம், மடியில் கைத்தடி. நாற்காலியைத் தள்ளி வந்தவர் இடது பக்கம் சாய்ந்து நடந்தார். தலை முழுக்க நரைத்து, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கார்டு ஏன் அதற்கு மேல் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அக்கா நேரே போய் எதிரில் நின்றாள். நாற்காலி நின்றது.

அத்தான் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாருப்பா அது?" என்று கிழவர் தலையைத் திருப்ப முடியாமல் கேட்டார்.

"மலாயாவுல தெரிஞ்சவங்க, சாமி."

அக்கா அதற்கு அசையவில்லை. "பொண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கு" என்றாள். குரலில் கோபம் இல்லை. கடையில் சாமான் விசாரிப்பது போல இருந்தது. "அப்பா இருக்காரான்னு கேக்கறாங்க. இருக்காருன்னு சொல்லவா, இல்லன்னு சொல்லவா?"

அத்தானின் கைகள் நாற்காலிப் பிடியிலேயே இருந்தன. "பொண்ணு... வளந்துட்டாளா?" என்றார்.

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

"இருக்கேன்னே சொல்லு" என்றார், மிகவும் மெதுவாக.

"இருட்டுது, போகலாம்" என்றார் கிழவர். அத்தான் தள்ளினார். கொஞ்ச தூரம் போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் பின்னால் ஓடியிருக்கலாம். ஏன் வரவில்லை, இங்கே வேறு குடும்பம் இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டா. எனக்குப் படுக்கணும்" என்றாள். அன்றிரவு அவள் சாப்பிடாமலே தூங்கினாள்.

கிள்ளானில் கல்யாணம் நடந்தது. நானும் என் மனைவியும் தாரை வார்த்துக் கொடுத்தோம். கேட்டவர்களிடமெல்லாம் அக்கா, "பட்டணத்துல பெரிய வீட்டுல வேலையா இருக்காரு. லீவு குடுக்கல" என்றாள். அதில் பெரிய பொய் எதுவும் இல்லை.

கல்யாணம் முடிந்த மறுவாரமே அவள் தோட்டத்து வேலைக்குத் திரும்பிவிட்டாள். அத்தானைப் பற்றி அதன் பிறகு நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ வரவேயில்லை. உறவுப் பெண்கள் அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்து முணுமுணுப்பார்கள். அவள் காதில் வாங்கிக்கொள்வதில்லை. கடைசியில் பொட்டோடுதான் போனாள்.