இரண்டு டெராபைட்டுக்கு மேல்

அப்துல் நாசர் இறந்த நான்காம் நாள் காலை ஒன்பதரைக்கெல்லாம் அவருடைய மகள் ஃபஹீமா சரவணம்பட்டி ஆபீசுக்கு வந்துவிட்டாள். டவுன்ஹால் பக்கம் அவள் அத்தா நாசருக்குப் பை விற்கும் கடை. ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவே இல்லை. கோட்டைமேட்டு வீட்டில் மூன்று நாளும் அழாத ஆள் ஃபஹீமா ஒருத்திதான். அழுகை வரவில்லை, அவ்வளவுதான்.

மற்ற கம்பெனிகளின் கிளவுட் சர்வர்களைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. பன்னிரண்டு வருஷப் பழக்கம். சேரில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் ஒரு ஸ்கேன் சென்டரிலிருந்து போன் வந்தது. அங்கே ரிசப்ஷனில் இருக்கும் லோகப்பிரியா பேசினாள்.

“ஏனுங்க மேடம், புதுப் படம் ஒண்ணும் சர்வர்ல ஏற மாட்டேங்குதுங்க. இருபது பேரு காத்துட்டு உக்காந்திருக்காங்க.”

படங்கள் சேரும் டிஸ்க் நிரம்பியிருந்தது. ஃபஹீமா அதன் கொள்ளளவை இரண்டு டெராபைட்டிலிருந்து நான்காகக் கூட்டினாள். கிளவுட் கணக்கில் நான்கு என்று வந்தது. சர்வருக்குள் போய்ப் பார்த்தால் இரண்டுதான். ரீஸ்டார்ட் செய்தாள். அப்போதும் இரண்டு.

பக்கத்து சீட்டு கவின் எட்டிப் பார்த்தான். “அக்கா, அஞ்சு வருசத்துக்கு முந்தின படத்தையெல்லாம் அழிச்சுப்போட்டா இப்பவே இடம் கெடைக்குமுங்க. யாரு கேக்கப் போறாங்க?”

“வேண்டாம் கவின்.”

ஏன் வேண்டாம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அரை மணி தேடியபின் காரணம் கிடைத்தது. சர்வரை முதலில் அமைத்தவர்கள் டிஸ்க்கைப் பழைய முறையில் பிரித்து வைத்திருந்தார்கள். அந்த முறைக்கு இரண்டு டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. இடம் இருந்தும் அதன் கண்ணில் படாது. புது முறைக்கு மாற்றினால் போதும். ஆனால் கை தவறினால் எல்லாப் படமும் போய்விடும். அதனால் முதலில் டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கக் கட்டளை கொடுத்தாள். நாற்பது நிமிஷம் ஆகும்.

அதற்குள் அம்மா உம்மல் குல்சும் போன் செய்தார்.

“கண்ணு, அத்தாவோட சட்டையெல்லாம் யாருக்காச்சும் குடுத்தரலாமான்னு மாமா கேக்கறாரு.”

“குடுத்துருங்கம்மா.”

“உனக்கு ஒண்ணு எடுத்து வெக்கட்டுமா?”

“வேண்டாம்மா.”

திரையில் அறுபத்தொரு சதவீதம். தன் குரல் யாரோ பேசுவதுபோல் இருந்தது. போனை வைத்துவிட்டு அறுபத்திரண்டு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகல் முடிந்ததும் மாற்றினாள். ஐந்து நிமிஷ வேலை. சர்வர் நான்கைக் காட்டியது. கவின் கை தட்டினான். அவள் லோகப்பிரியாவைக் கூப்பிட்டாள்.

“ஏறுதுங்க மேடம்! நல்லவேளை, பழசும் அப்படியே இருக்குதுங்க. மதுக்கரைக்காரர் ஒருத்தருக்கு ஆறு வருசத்துக்கு முந்தின ஸ்கேனோட ஒத்துப் பாக்கோணும்னு டாக்டர் இப்பத்தான் கேட்டாருங்க.”

“அவருக்கு எப்படி இருக்குது?”

லோகப்பிரியா தயங்கினாள். இதுவரை மேடம் யாரைப் பற்றியும் கேட்டதில்லை. “அதெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க மேடம். வெளிய பெஞ்சுல மகளோட உக்காந்திருக்காருங்க.”

“சரி,” என்றாள் ஃபஹீமா.

மூன்று மணிக்கு கவின் வற்புறுத்தி கேன்டீனுக்குக் கூட்டிப்போனான். தயிர்சாதத்தில் பாதி சாப்பிட்டாள். உப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.