தங்கராசு கையெழுத்திட்ட வாக்கு

நம் சதுரங்க மன்றத்தில் எல்லோரும் ஆடும் கணினி நிரலை எழுதியவள் நான் என்று தங்கராசுவின் இரங்கல் கூட்டத்தில் இருவர் பேசினார்கள். அது உண்மையல்ல. அதை எழுதியவர்கள் எங்கோ இருக்கும் முகம் தெரியாதவர்கள். விண்டோஸ் கணினியில் அதை ஓட வைத்தவர் அவர். பிழைச் செய்திகளின் ஆங்கிலத்தைப் படித்துச் சொன்னது மட்டுமே என் பங்கு. அவர் கொடுத்த ஒரு வாக்கு நிறைவேறாமல் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் மனைவி தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், அவரு போயிட்டாருங்க" என்றார். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

தங்கராசு ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். என் கணவர் இறந்தபின் என்னோடு சதுரங்கம் ஆட எவரும் வருவதில்லை என்று ஒருமுறை சொன்னேன். "ஆளு கிடைக்கலன்னா ஆளைச் செஞ்சுருவோம் டீச்சர்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கணினி இதழ் ஒன்றோடு வந்த குறுந்தகட்டைக் கொண்டுவந்தார். அதில் சதுரங்கம் ஆடும் நிரல், மனிதர்கள் எழுதிய மூல வரிகளாகவே இருந்தது. அதைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றினால்தான், அதாவது கம்பைல் செய்தால்தான், ஓடும்.

அது வேறுவகைக் கணினிக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் முதல் கோப்பிலேயே மறுத்தது.

"இப்ப என்ன திட்டுது டீச்சர்?"

"ஒரு ஃபைல் எங்கேன்னு கேக்குது."

"நானும் அதைத்தான் தேடுறேன்னு சொல்லுங்க."

நேரம் பார்க்கும் பகுதியை மாற்றி எழுதவே அவருக்கு மூன்று ஞாயிறுகள் ஆயின. பிறகு கம்பைல் ஆயிற்று. ஆனால் திரை நிறைய எச்சரிக்கைகள். எச்சரிக்கை இருந்தாலும் ஓடும் என்றார். எனக்கு அது போதவில்லை. ஓர் எச்சரிக்கையில், ஒரு வரி கணக்கிட்டு வைக்கும் மதிப்பு பிறகு எங்கும் பயன்படவில்லை என்றிருந்தது. அந்த வரியை நீக்கச் சொன்னேன். நீக்கினார்.

பெரம்பலூரிலிருந்து ஆட வந்த ஒருவர், "என்னங்க, உங்க ராஜாவுக்குக் கால் வலியா?" என்றபோதுதான் கவனித்தோம். ராஜாவை யானைப் பக்கம் ஒதுக்கும் கோட்டையை நிரல் கட்டவே இல்லை. நாங்கள் நீக்கிய வரி வேறொரு வேலையையும் செய்துவந்திருக்கிறது. "வூட்டைப் பெருக்கச் சொன்னீங்க, செவுத்தையும் சேத்துப் பெருக்கிட்டோம்" என்றார் தங்கராசு. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் வரியைத் திரும்பச் சேர்த்துக் கம்பைல் செய்தார்.

ஓடும் கோப்பைக் குறுந்தகடுகளில் பதிந்து உங்களுக்குக் கொடுத்தோம். கேட்பவருக்கு மூல வரிகளையும் தர வேண்டும் என்பது அந்த நிரலின் உரிமத்தில் உள்ள நிபந்தனை. யாரும் கேட்கமாட்டார்கள் என்றேன். "கேக்க மாட்டாங்கன்னு நெனச்சுக் குடுத்தா அது வாக்கா டீச்சர்?" என்றார். ஒவ்வொரு உறையிலும் வாக்குறுதிச் சீட்டு ஒன்று வைத்து, இருவரும் கையெழுத்திட்டோம்.

இப்போது செந்துறையிலிருந்து ஒருவர் மூல வரிகளைக் கேட்டிருக்கிறார். தங்கராசுவின் கணினியில் வன்தட்டு பழுதாகி ஒன்றும் மிஞ்சவில்லை; இதழோடு வந்த குறுந்தகடும் கிடைக்கவில்லை. என்னிடம் இருப்பது, நான் நீக்கச் சொன்ன வரி இல்லாத பழைய பிரதி. எனக்குப் படிக்கத்தான் தெரியும். அந்த வரியை எழுதத் தெரியாது. அவர் கையெழுத்தின் பேரில் தவறான பிரதியைக் கொடுக்க மாட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த வாக்கு ஒன்றுதான். திருத்திய மூல வரிகளை உங்களில் எவருக்கேனும் அவர் பதிந்து கொடுத்திருந்தால், இருக்கிறது என்றோ இல்லை என்றோ எனக்கு எழுதுங்கள். வாய்மொழியாகச் சொல்ல வேண்டாம். கடிதமாக அனுப்புங்கள்.