பெரிய தெரு வழியாக நைனாவை எடுத்த அன்று

நைனா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அப்பா இறந்தது நல்ல வைகாசி வெயிலில். வேலப்பன்சாவடியிலிருந்து உள்ளே வந்தால் முதலில் எங்கள் காலனி, அடுத்து ஊர், ஊரைத் தாண்டி எங்கள் சுடுகாடு. காலனிப் பிணம் ஊருக்குள் போகாது. வெளியே சுற்றி, வரப்பு வழியாகத்தான் போகும். அந்த வயல்களில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. சுற்றிலும் ஆளுயர மதில். மிச்சமிருந்த ஒரே வழி ஊரின் பெரிய தெரு.

நைனா அந்தத் தெருவின் பெரிய வீட்டில் படியாளாக வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் அங்கேதான். கூழும், அறுப்பு முடிந்தால் கொஞ்சம் நெல்லும் உண்டு. வேறிடத்துக்கு வேலைக்குப் போகும் உரிமை கிடையாது. மீசை முளைத்த வயதில் சொல்லாமல் ஓடி, ஆவடியில் மூட்டை தூக்கி, பிறகு தொழிற்சாலை வேலைக்குப் போனார். அதற்கப்புறம் அந்தத் தெருவில் அவர் கால் வைக்கவே இல்லை.

தெரு முனையில் இருபது பேர் வழியை மறித்து நின்றார்கள். முன்னால் பெரிய வீட்டுப் பேரன். என்னோடு ஒரே கல்லூரிப் பேருந்தில் வந்தவன். பேருந்தில் சிரித்துப் பேசுவான். ஊரில் இறங்கியதும் என்னைத் தெரியாதவனாகிவிடுவான்.

"இன்னா இது புதுசா? கோயில் கீற தெரு. பொணம் போனா தீட்டு," என்றான்.

"வேற வழி காட்டு, போறோம். செவுர ஏறிக் குதிக்கவா?" என்றான் என் தம்பி.

அதற்குள் எஸ்.ஐ. வந்துவிட்டார். பாடையைப் பார்க்காமல் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பிரச்சன வேணாம்பா. வேன் தரேன். பைபாஸ் சுத்திப் போயிடுங்க."

தப்பு மேளம் நின்றுபோயிருந்தது. பாடையைத் தரையில் இறக்கினோம். எங்களுக்குப் பின்னால் காலனிப் பையன் ஒருவன் உடைந்த செங்கல்லைக் கையில் எடுத்தான். தம்பி ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஒரு கல் விழுந்தால் போதும், நைனா நடுரோட்டிலேயே கிடப்பார் என்று எனக்குத் தெரியும்.

காலனி எல்லையோடு திரும்ப வேண்டிய அம்மா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பாடைக்குப் பக்கத்தில் தார் ரோட்டில் உட்கார்ந்தாள்.

"இவுரு உங்க ஊட்டு சாணிய அள்னப்போ தீட்டு இல்ல. உங்க தாத்தாவுக்குக் குழி வெட்னப்போ தீட்டு இல்ல. இப்ப மட்டும் இன்னாப்பா தீட்டு? வேன்ல ஏத்த மாட்டேன். இங்கியே கெடக்கட்டும்."

அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள்.

மத்தியானம் தாண்டித் தாசில்தார் வந்தார். பொதுத் தெரு, மறித்தால் வழக்கு என்றார். போலீஸ் இரண்டு பக்கமும் நிற்க, தூக்கினோம். வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. நாங்கள் கடந்த பிறகு குடம் குடமாகத் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயம்தான்.

காரியம் முடிந்ததும் அமைதிக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். சுடுகாட்டுக்குக் கால்வாய் ஓரமாக உங்களுக்கென்று தனி ரோடே போட்டுத் தருகிறோம், விளக்கும் உண்டு என்றார் அதிகாரி. காலனியில் பாதிப் பேருக்கு அது நல்லதாகவே பட்டது. தினம் சண்டை போட யாருக்குத் தெம்பு? அம்மா மட்டும் எழுந்து, "தனி ரோடு வேணாம் சார்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். ரோடு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. காலனியில் யாருக்காவது உயிர் இழுத்துக்கொண்டிருந்தால், தம்பி முதலில் போலீசுக்குப் போன் போட்டுச் சொல்லி வைக்கிறான்.