கை ஊன்றாமல் எழுபவர்

வாசல் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பதே கடைக்குப் பாதி விளம்பரம். மீதிப் பாதி தலைக்கு மேல் தொங்கிய பலகையில் இருந்தது. அவருடைய சிரித்த முகம். கீழே, 'எண்பது வயது, ஒரு மாத்திரை கிடையாது.' மகன் எழுதிவைத்தது. எழுதியபோது அது உண்மைதான்.

பஸ் கண்டக்டராகக் காலமெல்லாம் நின்றே உழைத்தவர். ஓய்வு பெற்றதும் விடியுமுன் எழுந்து நடந்தார். ஊர் கண் விழிப்பதைப் பார்க்கப் பிடித்திருந்தது. ஓடிப்போய்ப் பிடிக்க வண்டி இல்லை என்பதால் நிதானமாக மென்று சாப்பிட்டார். பொழுது சாய்ந்ததும் சாப்பாட்டை முடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம். இதற்கெல்லாம் ஆரோக்கியம் என்று பெயர் வைத்தது மகன்தான். தன் வேலை போன பிறகு செக்கு எண்ணெய், தேன், மூலிகைப் பொடி என்று அவன் கடை திறந்ததும் அப்பாவை நம்பித்தான்.

அதிலிருந்து நடப்பதும் மெல்வதும் அவருக்கு வேலையாகிவிட்டன. கடை கூட்டமாக இருக்கும் நேரத்தில் தெருவில் நடக்க வேண்டும். யாராவது கேட்டால் கைகளைக் கட்டிக்கொண்டு தரையில் குந்தி, எதையும் பிடிக்காமல் எழுந்து காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் எண்ணெய் வாங்கினார்கள்.

கொஞ்ச நாளாகவே வலது முழங்கால் வீங்கியிருந்தது. எதிர் வரிசையிலேயே டாக்டர் வீடு. தெருவைக் கடந்தால் போதும். ஆனால் கடக்கும்போது கடையில் நிற்பவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள்.

"எண்ணெய் தடவினா சரியாயிடும்பா," என்றான் மகன்.

"உன் எண்ணெயத்தானேடா தடவிக்கிட்டிருக்கேன்."

அன்று ஒரு டீச்சரம்மா தோழிகளோடு வந்தார். "பெரியவரே, எழுந்து காட்டுங்களேன்."

குந்தினார். எழ முயன்றார். முழங்காலில் யாரோ ஆணி அறைந்தது போலிருந்தது, அசையவில்லை. வியர்த்தது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"இப்படியே கொஞ்ச நேரம் இருந்தாத்தான் பலன்," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். டீச்சரம்மா குந்தினார். தோழிகளும் குந்தினார்கள். கடை முழுக்க ஆட்கள் தவளை மாதிரி உட்கார்ந்திருக்க, மகன் பூரித்துப்போய் நின்றான். ஒவ்வொருவராக முனகிக்கொண்டு எழுந்தார்கள். அவர் மட்டும் எழவில்லை.

"என்னா பொறுமை பாருங்க!" என்றாள் ஒருத்தி.

"டேய், கை குடுடா," என்றார் மெல்ல. மகன் கூட்டத்தைப் பார்த்தான். கை வரவில்லை. இந்த முறை உரக்கவே சொன்னார்: "எழுந்திரிக்க முடியலடா!"

கடையே சிரித்தது. "அப்பாவுக்குக் குறும்பு ஜாஸ்தி," என்றான் மகன், எல்லாருக்கும் முந்திச் சிரித்து.

டீச்சரம்மா மட்டும் சிரிக்கவில்லை. பெரியவரின் நெற்றி வியர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோழிகளை முன்னால் போகச் சொல்லிவிட்டு, "தம்பி, அந்தப் பக்கம் நீங்க பிடிங்க," என்றார். இருவரும் தூக்கினார்கள். வாங்குவதற்காக எடுத்து வைத்திருந்த எண்ணெய்ப் புட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு டீச்சரம்மா போய்விட்டார்.

"எதிர் வீட்டுக்குப் போலாம்டா."

"போலாம்பா. இருட்டட்டும்." என்றான் மகன். "கடைய விட்டா எனக்கு வேற என்னப்பா இருக்கு?"

எண்ணெய் டின்களுக்குப் பின்னால், வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், மகன் ஒரு முக்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தான். பகல் இன்னும் நிறைய மிச்சமிருந்தது.

"நல்லா சர்க்கரை போட்டு ஒரு டீ வாங்கிக் குடு," என்றார்.

மகன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். "சத்தமா கேக்காதீங்கப்பா. கொண்டு வர்றேன்."